பனியன் எடுத்துக் கொடுத்த வீடு

உறையைக் கிழித்ததும் புதுப் பனியன்களில் அச்சிட்ட எண்களின் ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. பொங்கல் கபடிப் போட்டிக்காக எங்கள் ஊர் அணிக்கு இந்த வருடம் நான் எடுத்துக் கொடுத்தவை. அந்த வாடையோடு பழைய கோபமும் ஏறியது.

அப்போது நான் நாலாம் வகுப்பு. பனியன் எடுத்துக் கொடுத்தவர் பெரியப்பா. அதனால் அவர் மகன் பாண்டி அண்ணன் ஆட்டத்தில் இருந்தான். எதிரணிக்காரன் பாடி வந்தால் காலைப் பிடிக்காமல் ஒதுங்கி வழிவிட்டான். ஊரிலேயே நன்றாகப் பிடிக்கும் முருகன் அண்ணன், கோட்டுக்கு வெளியே கைலியோடு குத்தவைத்திருந்தார்.

“ஏலே, முருகன எறக்குங்கலே!” என்று கூட்டம் கத்தியது.

பெரியப்பா நிதானமாக எழுந்தார். “பனியன் எடுத்துக் குடுத்தவன் பிள்ள வெளிய ஒக்காரவா?”

முருகன் அண்ணனைக் கடைசிவரை இறக்கவே இல்லை. இறுதி ஆட்டத்தில் தோற்றோம். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தால், பெரியம்மா பாண்டி அண்ணனுக்குக் கோழி அடித்துக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த வருடம் பாடிப் போக நல்ல பையன்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். பிடிதான் சந்தேகம். அதற்குக் காளி ஒருவனைத்தான் நம்பியிருக்கிறேன்.

பனியன்களை எண்ணி வாங்கிய கேப்டன் சொன்னான்: “அக்கா, காளிக்குப் பதிலா ஒங்க தம்பிய எறக்கிருவோம்.”

மாடி ஏறினாலே மூச்சு வாங்கும் என் தம்பி, பக்கத்தில் நின்று சிரித்தான்.

“எறக்கிப் பாரு. அத்தன பனியனையும் திருப்பி எடுத்துட்டுப் போயிருவேன்.”

“அப்புறம் எதுக்குக்கா எடுத்துக் குடுத்தீக?” என்றான் கேப்டன், உண்மையாகவே புரியாமல்.

“ஜெயிக்கத்தான்டா!”