தோலோடு மென்றவர்கள்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் ‘புரோட்டீன் அக்கா’ என்பார்கள். பாசத்தில் வைத்த பெயரல்ல. பதினோரு ஆண்டுகளாக கேன்டீன் அடுப்பு அவர் கையில். நாலு மணிக்குக் கொடுக்கும் எண்ணெய் வறுவலை நிறுத்திவிட்டு, பச்சை சோயாக்காயை உப்புப் போட்டு அவித்து வைத்த அன்று ஒட்டிக்கொண்ட பெயர். கடையில் எடமாமே என்று விற்பார்களே, அதேதான்.

மருத்துவ முகாமில் பாதிப் பேருக்கு ரத்தத்தில் கொழுப்பு எகிறியிருந்தது, அதனால்தான் மாற்றினார். சுவரில் அட்டையும் ஒட்டினார்: ஒரு கப் பருப்பில் பதினெட்டு கிராம் புரதம், எட்டு கிராம் நார்ச்சத்து, கூடவே ஃபோலேட், இரும்பு. ஒருவரும் படிக்கவில்லை. பாய்லர்காரர் மட்டும் படித்துவிட்டு, அடியில் ‘மாட்டுத் தீவனம்’ என்று எழுதினார்.

மூன்றாம் நாள் அந்த பாய்லர்காரரே அக்காவுக்கு எதிராக மனுவோடு சுற்றினார். நூறு கையெழுத்து சேர்ந்தால் கேன்டீனுக்கு வேறு ஆளைப் போடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். தொண்ணூற்றொன்று சேர்ந்துவிட்டது.

“கயித்தை மென்ன மாதிரி இருக்குக்கா. தாடை வலிக்குது,” என்றார் அக்காவிடமே.

“உங்க வாய்க்குக் கொஞ்சம் வலி நல்லதுதாண்ணே.”

யார் பேச்சையும் அக்கா நம்பமாட்டார். எச்சில் வாளியைத்தான் நம்புவார். அன்று மாலை அதைக் கிளறியவர் தலையில் அடித்துக்கொண்டார். அத்தனையும் மென்று துப்பிய சக்கை. காயைத் தோலோடு கடித்திருக்கிறார்கள்! சத்தையெல்லாம் அட்டையில் எழுதியவர், பிதுக்கித் தின்ன வேண்டும் என்பதை எழுதவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு மேலாளரைக் கூட்டிவந்து, பாய்லர்காரர் முன்னால் அந்த வாளியை டமாரென்று வைத்தார். ஒரு காயை எடுத்துப் பிதுக்கினார். பருப்பு துள்ளி பாய்லர்காரர் தட்டில் விழுந்தது.

“தோலை யாரு திங்கச் சொன்னா?”

“திங்காதேன்னு யாரு சொன்னா?”

கூடமே சிரித்தது. அக்கா பல்லைக் கடித்தார். “நான் சொல்லல. தப்புதான். இப்பத் தின்னு பாத்துட்டு மீதி ஒம்பது கையெழுத்தை வாங்குங்க.”

பாய்லர்காரர் ஒன்றை வாயில் போட்டார். இன்னொன்றைப் பிதுக்கினார். தட்டு காலியானது.

“நல்லா இருக்குன்னு நினைச்சுக்காதீங்க. தோல் போட ஒரு கிண்ணம்கூட வைக்கல. இதெல்லாம் ஒரு கேன்டீனா?”

மனு தொண்ணூற்றொன்றோடு நின்றது. கிண்ணங்கள் வந்தன. இருவரும் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அட்டையில் இருந்த ‘மாட்டுத் தீவனம்’ என்பதை அக்கா அழிக்கவில்லை; அதற்கு முன்னால் ‘தோல் மட்டும்’ என்று சேர்த்துவிட்டார்.