முக்காலியில் தொங்கிய இன்ஜின்

வலங்கைமானைத் தாண்டி எங்கள் ஊரில், அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் பொதுவான கொட்டகையில் இரண்டு கார்கள் நின்றன. நின்றன என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஒன்று வெள்ளை, அக்கா வீட்டுக்காரருடையது. இன்னொன்று பச்சை, என்னுடையது. இரண்டும் ஒரே மாடல், உருண்டைத் தலை வைத்த பழைய டீசல் கார்கள். அத்தான் வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டியவர். அங்கே கற்றுக்கொண்டு வந்த வார்த்தையில் இரண்டையும் 'புராஜெக்ட்' என்பார். அக்கா 'பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க' என்பாள். பேரீச்சம்பழத்தை அத்தானே பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்துவிடுவதால் இரும்பைப் போடவேண்டிய அவசியம் வரவில்லை.

பச்சையை நான் குத்தாலத்தில் வாங்கினேன். உடம்பு கட்டுக்குலையாமல் இருந்தது, பெயிண்ட் கூட அடித்துவிட்டேன். இன்ஜின்தான் செத்துப்போயிருந்தது. கொன்றவன் நான்.

ஒரு குறுவையில் ஆற்றில் தண்ணீர் போனது, எங்கள் வாய்க்காலில் முழங்கால் அளவு கிடந்தது, வயலுக்கு ஏறவில்லை. நாற்றங்கால் வெடிக்க ஆரம்பித்தது. பம்பு மோட்டாரின் காயில் கம்பி எரிந்திருந்தது. காரை வாய்க்கால் கரைக்கு ஓட்டிப் போய், பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தில் பெல்ட் மாட்டிப் பம்பைச் சுற்றவிட்டேன். தண்ணீர் கொட்டியது. வரப்பில் நின்றவர்கள் பாராட்டினார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் இன்றுவரை நான் ஊரில் மேதை. ரேடியேட்டர் ஒழுகியது. ஆயில் இன்ஜினுக்கு எல்லோரும் செய்கிற மாதிரி, பம்பிலிருந்து ஒரு சின்ன டியூபை இழுத்து வாய்க்கால் தண்ணீரையே காரின் இன்ஜினுக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். காவிரி வண்டலைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுவதெல்லாம் நெல்லுக்கு. இன்ஜினுக்குள் போனால் அது கெட்டிச் சேறு. திரும்பி வந்தபோது உள்ளே எல்லாம் சூடேறிப் பிடித்துக்கொண்டு, கடப்பாரை போட்டாலும் சுற்றாத நிலைக்குப் போயிருந்தது. நாற்று பிழைத்தது.

ஃபோனில் சொன்னபோது அத்தான் வெகுநேரம் சிரித்தார். "கார்ல வயலுக்குப் போனவனைப் பாத்திருக்கேன் மாப்ள. காருக்குள்ளயே வயல் வச்சவன் நீதான்."

அவருடைய வெள்ளைக் கார் பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் வியாபாரியிடம் வாங்கியது. தரைத் தகரம் துருவில் கரைந்துபோய், ஏறி உட்கார்ந்தால் காலுக்குக் கீழே மண் தெரியும். ஆனால் இன்ஜினை ஒவ்வொரு லீவிலும் பிரித்து, துடைத்து, புது ரிங் போட்டு, கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். அது உட்கார்ந்திருந்த சட்டமும் துரு என்பதால், அதிர்வில் உடைந்துவிடும் என்று அங்கே ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்ததில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு உடனே தோன்றுவது எங்களுக்கும் தோன்றாமல் இல்லை. நல்ல இன்ஜினைத் தூக்கி நல்ல உடம்பில் வைத்தால் ஒரு காராவது ஓடும். வருஷக்கணக்கில் அதைத்தான் பேசினோம். என் இன்ஜினுக்கு உன் கூடு என்பார் அவர். என் காருக்கு உங்க இன்ஜின் என்பேன் நான். கடைசியில் எது கார், எது உதிரி என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. லீவு முடிந்துவிடும்.

பிறகு ஒருமுறை அத்தான் லீவு முடிந்தும் திரும்பிப் போகவில்லை. வயிற்றில் கட்டி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வெட்டிப் பார்த்துவிட்டு மறுபடி தைத்து அனுப்பினார்கள். வராந்தாவில் அக்காவையும் என்னையும் தனியாக நிறுத்தி, வீட்டுக்குக் கூட்டிப் போங்க, கேட்டதைக் கொடுங்க என்றார் டாக்டர். அவருக்குத் தெரியவே கூடாது என்று அக்கா அங்கேயே என்னிடம் சத்தியம் வாங்கினாள். நீ எப்பவும் போல ஏதாவது பேசிச் சிரிச்சுக்கிட்டு இரு, அது போதும் என்றாள். என் கோமாளித்தனத்துக்கு முதல் முறையாக ஒரு உத்தியோகம் கிடைத்தது.

கட்டிலை ஜன்னலோரம் போட்டோம். ஜன்னல் வழியே கொட்டகையும் இரண்டு கார்களின் முகமும் தெரியும். அக்கா கஞ்சி கொடுக்கும்போதெல்லாம், உடம்பு தேறினதும் அந்த வெள்ளை வண்டியிலதான் குலதெய்வம் கோயிலுக்குப் போறோம் என்பாள். அவர் தலையாட்டுவார். நான் பக்கத்தில் நின்று, தரை இல்லாத காரில் போனால் வேண்டுதல் நடைப்பயணமாகவும் கணக்கில் வரும் என்பேன். மூன்று பேரும் சிரிப்போம்.

ஒருநாள் காலையில் அக்கா மாட்டுக்குத் தவிடு வைக்கப் போன நேரம் பார்த்து அவர் என்னைக் கூப்பிட்டார். வெள்ளையிலிருந்து இன்ஜினை இறக்கிப் பச்சையில் ஏற்றிவிடு என்றார். இத்தனை வருஷத்தில் அவர் விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. கடைசியில தோத்துட்டீங்களா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு தடவை அது ஓடுற சத்தத்தைக் கேக்கணும் மாப்ள. முதல்ல ஸ்டார்ட் பண்றப்ப சைலன்சர் மாட்டாத. படுத்த இடத்துல கேக்கணும்."

அக்காவிடம் சொன்னேன். அவள் தவிட்டுக் கையோடு அப்படியே நின்றாள். அவர் இருக்கும்போதே அவர் வண்டியின் வயிற்றைப் பிளப்பாயா என்று கேட்டாள். வெள்ளையில் போகப்போகிறோம் என்று நான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்ஜின் இல்லாத வண்டியை ஜன்னலில் பார்த்தால் அவர் என்ன நினைப்பார் என்று கேட்டாள். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அவர் கேட்டதிலும் இல்லை. கழற்றினால் அவருக்குச் சாவைச் சொல்லிவிடுகிறோம். கழற்றாவிட்டால் அவர் அந்தச் சத்தத்தைக் கேட்காமலே போய்விடுவார்.

இப்படி ஒரு இக்கட்டில் வீரன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. நான் டீசல் ஊற்றினேன். இன்ஜினைத் தாங்கும் போல்ட்டுகள் துருப்பிடித்துவிட்டன, டீசலில் ஊறவேண்டும் என்று அத்தானிடம் சொன்னேன். தினமும் காலையில் ஒரு பாட்டிலோடு போய் பானட்டைத் திறந்து, ஜன்னலுக்குத் தெரிகிற மாதிரி முதுகைக் காட்டிக் குனிந்து, போல்ட்டின் மேல் டீசல் விடுவேன். சீக்கிரத்திலேயே அந்தப் போல்ட்டை விரலால் கழற்றலாம் என்றாகிவிட்டது. நான் மேலும் ஊற்றினேன்.

அத்தான் மெலிந்துகொண்டே போனார். கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. ஒரு முற்பகலில் அக்கா தம்ளரோடு உட்கார்ந்து வழக்கம்போல வெள்ளை வண்டி, கோயில் என்று ஆரம்பித்தாள். நான் டீசல் பாட்டிலோடு வாசலில் நின்றேன்.

"ஏன் மாப்ள, போல்ட்டை ஊற வைக்கிறியா, ஊறுகாய் போடுறியா?" என்றார்.

நான் துரு, பழைய காலத்து இரும்பு என்று உளறினேன். அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"இவன் பயப்படுறது போல்ட்டுக்கு இல்ல, உனக்கு. ஆஸ்பத்திரி வராந்தாவுல டாக்டர்கிட்ட பேசிட்டு ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே உள்ள வந்தீங்க. இவன் சிரிப்பான், இவன் எழவு வீட்லயும் சிரிப்பான். நீ எதுக்கு சிரிச்ச?"

அக்கா தம்ளரில் கஞ்சி ஆடை படியும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "எடுத்துடு தம்பி" என்றாள்.

எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுப் போர் குழாயை மேலே இழுக்க மூன்று இரும்புக் குழாயை ஒன்றாகக் கட்டி முக்காலி நிறுத்துவார்கள். உச்சியில் சங்கிலிக் கப்பி தொங்கும். ஊரில் அதை வைத்திருக்கும் போர்க்காரரிடம் கேட்டு வாங்கி வந்தேன். மறுநாளே வேலைக்கு வேண்டும், மறக்காதே என்று சொல்லித்தான் கொடுத்தார். கொட்டகைக் கூரை தாழ்ந்தது என்பதால் இரண்டு காரையும் வாசலுக்குத் தள்ளி, வெள்ளையின் மேல் முக்காலியை நிறுத்தினோம். அத்தானைத் தலையணைகளில் சாய்த்து உட்காரவைத்தாள் அக்கா. ஒவ்வொரு குழாயாக, ஒவ்வொரு வயராக அவர் ஜன்னலிலிருந்து சொல்லச் சொல்லக் கழற்றினேன். போல்ட்டுகள் விரலிலேயே வந்தன. அதைப் பார்த்துவிட்டு அவர் எதுவும் சொல்லாதது பெருந்தன்மை.

மத்தியானம் சங்கிலியை இழுக்க இழுக்க இன்ஜின் எழுந்து அந்தரத்தில் நின்றது. கனம் போனதும் வெள்ளையின் முன்பக்கம் உயர்ந்தது. அதைப் பின்னால் தள்ளிவிட்டோம். பச்சையின் செத்த இன்ஜினை எப்போதோ இறக்கிக் கொட்டகைக்குப் பின்னால் போட்டிருந்தேன், இனி பச்சையை அந்த இடத்துக்குத் தள்ளி இறக்கவேண்டியதுதான். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று நான் அடிபம்புக்குப் போனபோது அக்காவின் குரல் கேட்டது. அத்தான் ரத்தமாக வாந்தி எடுத்திருந்தார். தஞ்சாவூருக்கு ஆம்புலன்ஸில் போனோம். வழியில் என் கையில் இருந்த கிரீஸைப் பார்த்து, "எங்க நிக்குது" என்று கேட்டார். மேலே தொங்குது என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் விடிந்து அதே வாசலுக்கு அவரைக் கொண்டுவந்தோம்.

எழவு விழுந்த வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கம். கருமாதி முடியும்வரை யாரும் எதையும் கழற்றவும் மாட்டவும் மாட்டார்கள். அதனால் இன்ஜின் தொங்கியது. பாடை கட்ட வந்தவர்கள் மூங்கிலை முக்காலியின் காலில் சாய்த்து வைத்தார்கள். பந்தல் போட்டவர் அதைச் சுற்றி ஒதுக்கிக் கட்டினார். துக்கம் கேட்க வந்தவர்கள் அக்காவிடம் அழுதுவிட்டு, வெளியே வந்ததும் என்னிடம் அது என்ன என்று கேட்டார்கள். விளக்கி விளக்கி எனக்கு அலுத்துப்போனது. குத்தாலத்திலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு, சடங்கு என்று சொல்லிவிட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

போர்க்காரரும் வந்தார். தலைமாட்டில் நின்றார், என் கையைப் பிடித்தார், நல்ல மனுஷன் என்றார். என் தோளுக்கு மேலே முக்காலியைப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்திருந்தார். கேட்கவில்லை. தினமும் சைக்கிளில் எங்கள் வாசல் வழியாகப் போக மட்டும் செய்தார்.

சாயங்காலங்களில் நான் அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்து மண்ணில் ஒரு கறுப்பு வட்டம் பெரிதாகிக்கொண்டிருந்தது. கொட்டகைப் பக்கம் வெள்ளை, தெருப்பக்கம் பச்சை. அவர் கேட்டது ஓடும் சத்தம். அதைக் கேட்க ஆள் இல்லை. அக்கா ஆரம்பத்திலிருந்தே கேட்டது வெள்ளையைத் தொடாதே என்பது. அவள் இருக்கிறாள். ஆகவே கருமாதி முடிந்ததும் இன்ஜினை வெள்ளையிலேயே திரும்ப இறக்குவது என்று முடிவுசெய்தேன். என் வாழ்க்கையில் நான் தீர யோசித்து எடுத்த முடிவுகளில் அது ஒன்று. மற்றவற்றைப் போலவே அதுவும் தப்பு.

கருமாதிக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபிறகு அக்காவிடம் சொன்னேன். அவருடைய வண்டியிலயே வச்சுடுறேன்க்கா, மூடி வச்சுடலாம் என்றேன்.

அவள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் போட்ட சண்டையிலதானே அத்தனை நாள் போச்சு."

நாந்தான் டீசல் ஊத்தினேன் என்றேன்.

"அவர் கேக்காம போயிட்டார். எனக்குக் காது இருக்குல்ல. பச்சையில வையி."

மறுநாள் பச்சையை முக்காலிக்குக் கீழே தள்ளி இன்ஜினை இறக்கினேன். போர்க்காரர் தானாகவே வந்து சங்கிலி பிடித்தார். வேலை முடிந்த நிமிஷத்தில் முக்காலியைப் பிரித்து ஏற்றிக்கொண்டு, நன்றிகூடக் கேட்காமல் போய்விட்டார். குழாய், வயர் எல்லாம் மாட்ட எனக்கு நாள் பிடித்தது. சொல்லித்தர ஜன்னலில் ஆள் இல்லாததால் இரண்டு வயரை மாற்றி மாட்டிப் புகை வரவழைத்தேன். டேங்க் துருவாக இருந்ததால் ஒரு பிளாஸ்டிக் கேனில் டீசல் ஊற்றி டியூப் போட்டுப் பக்கத்தில் வைத்தேன். டிராக்டர் பேட்டரியைக் கொண்டுவந்தேன். சைலன்சர் கொட்டகை மூலையில் கிடந்தது. அதைத் தொடவில்லை.

அக்கா உள்ளே போய் அந்தக் கட்டிலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

முதலில் இருமியது. டியூபில் இருந்த காற்றை எடுத்துவிட்டு மறுபடி சுற்றினேன். பிடித்துக்கொண்டது. சைலன்சர் இல்லாத டீசல் இன்ஜின் என்றால் நெல் மிஷின் வீட்டுக்குள் வந்த மாதிரி. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. எதிர் வீட்டு ஆடுகள் கயிற்றை இழுத்தன, பக்கத்து வீட்டுக்காரர் கையில் சோற்றோடு ஓடிவந்து என்னைத் திட்டினார். வாய் அசைந்தது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மரியாதையாகத் தலையாட்டினேன்.

போதும் என்று நினைத்து நிறுத்துகிற கம்பியை இழுக்கப் போனேன். ஜன்னலில் அக்கா கையைத் தூக்கி வேண்டாம் என்று காட்டினாள். முகத்தை முந்தானையால் மூடியிருந்தாள். காதை மூடவில்லை.

கேனைப் பார்த்தேன், அடி தெரிந்தது. போல்ட்டில் ஊற்றுவதற்கு வைத்திருந்த பாட்டிலில் பாதி டீசல் மிச்சம் இருந்தது. அதையும் ஊற்றினேன்.