ஜோடி பார்க்கும் அம்மா

ஆம்பூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, ஏறுகிறவர்களின் செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷூ கம்பெனியில் இடது, வலது ஜோடி சரியா என்று பார்க்கும் வேலையாம்.

என் மடியில், வகுப்புக்கு எடுத்துப்போகும் டி.என்.ஏ. படம்.

"இன்னா சார், முறுக்கின ஏணி மாதிரி இருக்குது?"

"ரெண்டு இழையும் பிரியும்மா. ஒவ்வொண்ணும் தனக்கு ஜோடிய புதுசா சேத்துக்கும். ஒரு ஏணி ரெண்டாயிடும்."

"அப்போ ஒவ்வொரு ஏணிலயும் ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசு!"

என் மாணவர்கள் ஒரு வாரமாகத் திணறும் இடம் அது!

"சரி, ஜோடி தப்பா சேந்துட்டா? அங்க செக்கிங் யாரு?"

நான் வாய் திறப்பதற்குள் கம்பெனி வாசலில் இறங்கிவிட்டார்.

தப்பு ஜோடியைக் கழற்றிச் சரியானதைச் சேர்க்க, அவர் உடம்பின் செல்களுக்குள்ளேயே ஒரு நொதி இருக்கிறது. அதைச் சொல்லிவிடத்தான், மறுபடி அவரைப் பார்க்கமாட்டேனா என்று தினமும் அதே பஸ்ஸில் ஏறுகிறேன்.