கேட்காதவர்களுக்கும் ஒரு கடிதம்

அந்தக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அவளுக்கு "விசா அக்கா" என்றுதான் பெயர். பதினெட்டு வருட வேலையில் விசா விதிகள் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

ஒரு நாள் காலையில் வெளிநாட்டிலிருந்து ஒரு நர்ஸ் போனில் அழுதாள். அந்தக் கல்லூரியில் அவளுக்குப் பட்டப்படிப்புக்கு முன்னால் ஆறு மாத மொழிப் பயிற்சி. விசாவுக்காகக் கல்லூரி தரும் ஸ்பான்சர் கடிதமோ பயிற்சிக்கு மட்டும்தான் வந்திருந்தது. பயிற்சி முடிந்ததும் ஊர் திரும்பி மறுபடியும் விசா கேட்க வேண்டும்.

"கைக்குழந்தைய விட்டுட்டு வரேன்க்கா. ரெண்டு தடவை அலைய முடியாது."

"அழாதம்மா. ரெண்டு படிப்புக்கும் நாமதானே இடம் குடுத்திருக்கோம்? ஒரே கடிதம் போதும்னு விதியிலயே இருக்கு."

கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய மேலாளர் இழுத்தார். "வழக்கமா தனித்தனியாத்தானே குடுக்கறோம்?"

"வழக்கம் வேற, விதி வேற சார்." விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டி இரண்டு முறை படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

மறுநாளே புதுக் கடிதம் போனது. அதோடு அவள் விடவில்லை. பழைய கோப்புகளைத் தோண்டி, அதே சிக்கலில் இருந்த பதினோரு பேரைத் தானே கூப்பிட்டு, அவர்களுக்கும் கடிதத்தை மாற்றிக் கொடுத்தாள். அவர்களில் ஒருவர்கூட அவளிடம் கேட்டிருக்கவில்லை.