செருப்பு டோக்கன்

திருப்பதி மலையடிவாரத்தில் அலிபிரி பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் பள்ளிக்கூட வராந்தாவைப் பஸ் ஜன்னலில் தேடுவேன். அங்கேதான் ஒரு கோடை லீவு முழுக்க நான் கேம்ப் அக்காவாக இருந்தேன். சம்மர் கேம்ப் என்ற பேச்சே அப்போதுதான் திருப்பதிக்கு வந்திருந்தது. அப்பாக்கள் பெங்களூருக்கும் சில அம்மாக்கள் குவைத்துக்கும் வேலைக்குப் போய்விட, லீவில் பிள்ளைகளை யார் பார்ப்பது? எங்கள் தலையில் கட்டினார்கள். பாட்டு, கபடி, மத்தியானம் புளிசாதம். புளிசாத வாசனை எங்கே வந்தாலும் இன்றைக்கும் எனக்கு அந்த லீவுதான் ஞாபகம் வரும்.

கேம்ப் நடத்திய சார் முதல் நாளே சொல்லிவிட்டார்: அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது, முட்டி போட வைக்கக் கூடாது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். வேறு எப்படித்தான் மேய்ப்பதாம் என்று மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் செருப்புகள் காணாமல் போக ஆரம்பித்தன. ஜோடியாக அல்ல, ஒவ்வொரு ஜோடியிலும் ஒற்றைச் செருப்பு மட்டும். கூட்டிப்போக வந்தவர்கள் வாசலில் நின்று சத்தம் போடுவார்கள், பிள்ளைகள் நொண்டியடித்துத் தேடுவார்கள். கடைசியில் எல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடக்கும். செய்தது யார் என்பதும் தெரிந்துபோயிற்று. பிச்சாட்டூர்ப் பக்கத்துப் பெண், மூணாங்கிளாஸ். அம்மா குவைத்தில் வீட்டு வேலை. இவள் திருப்பதியில் மாமா வீட்டில். மாமா ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரி முடிந்து அவர் வருவதற்குள் வராந்தாவில் இவள் மட்டும்தான் மிச்சம்.

"இன்னொரு தடவை செருப்பு காணாம போனா அந்தப் பொண்ணை நிறுத்திடலாம்மா" என்றார் சார். நிறுத்தினால் பூட்டிய வீட்டுக்குள்தான் அவள் லீவு கழியும்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

"ஏண்டி ஒளிச்சு வைக்கிற?"

"செருப்பு இல்லன்னா யாரும் போவ மாட்டாங்களே அக்கா. அல்லாரும் போயிட்டா நான் ஒண்டியா குந்திக்கினு இருக்கணும்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

திருப்பதிப் பிள்ளைகளுக்குச் செருப்பு கவுண்டரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். கோயிலுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்குவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். மறுநாள் பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் துண்டாக வெட்டி, எண் போட்டு, அவள் கையில் கொடுத்தேன்.

"இனிமே செருப்பு கவுண்டர் உன்னுது. ஒண்ணு குறைஞ்சாலும் நீதான் பதில் சொல்லணும்."

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து ஒரு செருப்பும் தொலையவில்லை. அவள் அதிகாரத்தைத்தான் தாங்க முடியவில்லை. "ஆகண்டி, நில்லுங்க, லைன்ல வாங்க!" என்று தெலுங்கும் தமிழுமாக விரட்டுவாள். டோக்கன் காட்டாவிட்டால் சாருக்கே செருப்பு கிடையாது. செருப்பு வாங்கிய ஒவ்வொரு பிள்ளையும் அவளுக்கு டாட்டா சொல்லிவிட்டுப் போனது. எல்லாரும் போனபின் மிஞ்சுவது அவள் ஜோடியும் என் ஜோடியும்தான். மாமாவின் ஆட்டோ வரும்வரை இருவரும் கதை பேசிக்கொண்டிருப்போம். அந்த நேரத்துக்காகவே நான் கேம்ப்புக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

கடைசி நாள் அதிசயமாக மாமா எல்லாருக்கும் முன்னாலேயே வந்து நின்றார். செருப்பெல்லாம் கொடுத்து முடித்தால்தான் ஆட்டோவில் ஏறுவேன் என்று அடம் பிடித்தாள். முடித்ததும், "போய்ட்டு வரேன் அக்கா" என்று சொல்லி ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

கிளம்பலாம் என்று கவுண்டர் பக்கம் போனேன். என் செருப்பில் ஒன்றுதான் இருந்தது.

இன்னொன்று எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இருட்டும்வரை தொட்டிப் பக்கமே போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.