ரீட்டா ஆன்ட்டிக்கு ஒரு மெஷின்

தையல் மெஷின் வாங்க வருகிறவர்கள் மெஷினைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பூ டிசைன் இருக்கிறதா, அண்ணி வீட்டு மெஷினைவிடப் பெரிதா, கூட என்ன சும்மா தருவீர்கள், இப்படித்தான். கடையில் நாள் முழுக்க நின்று, கால் வீங்கி, அப்படியும் சிரித்துக்கொண்டிருந்த என் இனத்து மக்களே, உங்களுக்குத் தெரியாததை ஒன்றும் நான் எழுதப்போவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு வீட்டுச் சாமான் கடையில் மெஷினை ஓட்டிக் காட்டும் டெமோ மிஸ் நான். கீழே தையல் மெஷின், மாடியில் மிக்ஸி. க்வில்ட் தைக்கவென்றே பெரிய மெஷின் இரண்டை என் பேச்சைக் கேட்டு முதலாளி வரவழைத்திருந்தார். ஆயுத பூஜைக்குள் அதில் ஒன்றாவது போகாவிட்டால் தையல் பக்கத்தையே மூடிவிட்டு என்னை மாடிக்கு ஏற்றிவிடுவேன் என்று சொல்லியும் விட்டார். மாடி என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தேங்காய்ச் சட்னி அரைத்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நக்கக் கொடுப்பது. நினைத்தாலே எனக்கு அழுகை வந்துவிடும்.

இரண்டாயிரத்துப் பயம்

முதலில் மாட்டியவர் ஒரு சாஃப்ட்வேர் தம்பி. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி ஏதோ பத்திரிகையில் க்வில்ட் படம் பார்த்து ஆசைப்பட்டாளாம். துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்துத் தைக்கிற போர்வைதான் க்வில்ட். எங்கள் மர்பி டவுனில் ஒட்டுப் போர்வை என்போம். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா கௌதி என்பார்.

தம்பிக்கு மெஷின் ரொம்பப் பிடித்துவிட்டது. தடவினார், தட்டினார், விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். பில் போடப் போகும்போது வந்தது சந்தேகம். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்று ஊரே பயந்த வருஷம் அது. டிசம்பர் முப்பத்தொன்று தாண்டினால் இது ஓடுமா? இதில் தேதியே கிடையாது, மோட்டாரும் ஊசியும்தான் என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னேன். ஓடும் என்று எழுதித் தரச் சொன்னார். முதலாளி எதற்குமே எழுதித் தர மாட்டார், அவர் பையன் ஸ்கூல் லீவ் லெட்டர்கூட அம்மாதான் எழுதுவார். தம்பி வருத்தத்தோடு பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். எங்க ஆபீஸ்ல இப்ப யாருமே தூங்கறதில்ல."

போர்வையோடு வந்தவர்

அடுத்த வாரம் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ரீட்டா ஆன்ட்டி ஆட்டோவில் வந்து இறங்கினார். அவருக்கு முன்னால் அவர் போர்வை இறங்கியது. பேத்திக்கு ஞானஸ்நானம் வருகிறதாம், அதற்குள் க்வில்ட் முடிய வேண்டுமாம். மேல்பக்கம் முழுக்கத் தைத்துவிட்டார், மகளின் பழைய யூனிஃபார்மிலிருந்து கல்யாணச் சேலை வரை அதில் இருந்தது. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதுதான் பாக்கி. வீட்டிலிருந்த சின்ன மெஷினில் போர்வை உள்ளேயே போகவில்லை.

சின்ன மெஷின்களையெல்லாம் வரிசையாகக் காட்டினேன். ஊசிக்கும் பக்கத்துத் தூணுக்கும் நடுவே சுருட்டிய போர்வை நுழையாமல் முண்டியது. கடைசியில் டெமோ மேஜையில் இருந்த பெரிய மெஷினில் உட்கார வைத்தேன். ஆஹா, என்ன ஓட்டம்! தையல் வெண்ணெய் மாதிரி போனது. ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவர் விவரமானவர். வீட்டில் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றார்.

"கடையில எல்லா மெஷினும் மாப்பிள்ளை மாதிரிதாம்மா இருக்கும். வீட்டுக்கு வந்தாதான் குணம் தெரியும்."

ரிச்சர்ட்ஸ் டவுன் பவனி

இதே மாடல் கிடங்கில் இன்னொன்று இருந்தது. அதை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு மேஜையில் வைத்தோம், போர்வையைக் கொடுத்தோம், மிதித்தோம். நான்கு தையல் போனதும் இழுத்தது. அப்புறம் ஊசி ஒடிந்தது. தையல் ஓரிடத்தில் எறும்பு, ஓரிடத்தில் ஒட்டகம். நூலை மாற்றினேன், ஊசியை மாற்றினேன், நூலை இறுக்கும் டென்ஷன் குமிழைத் திருகினேன். என் டென்ஷன்தான் ஏறியது.

போர்வை மேஜையிலிருந்து தொங்குவதால் கனம் இழுக்கிறதோ என்று ஆன்ட்டிக்குத் தோன்றியது. உடனே ஆள் பிடித்தார். அவர் கணவர் மைக்கேல் அங்கிள் ஒரு மூலை, மருமகன் ஒரு மூலை, பால் கொடுக்க வந்தவர் ஒரு மூலை. நான் தைக்கத் தைக்க மூவரும் போர்வையைத் தூக்கிப் பிடித்தபடி மேஜையைச் சுற்றி மெதுவாக நடந்தார்கள். பார்க்க மாதா கோயில் தேர்ப் பவனிதான். பால்காரருக்குச் சிரிப்பு வந்து மூலையை விட்டார், மருமகன் தடுக்கி விழுந்தார், தூங்கிக்கொண்டிருந்த பேத்தி எழுந்து கத்தியது. நான் சிரிப்பை அடக்கப் போய் விக்கலே வந்துவிட்டது. அங்கிள் தன் மூலையை விடவே இல்லை.

"நம்ம பொண்ணு கல்யாணத்துலகூட நான் இவ்வளவு நேரம் நின்னதில்ல, ரீட்டா."

அடியில் பார்த்தவர்

பூஜைக்கு முந்தின நாள் ஆன்ட்டி மறுபடி போர்வையோடு கடைக்கு வந்தார். கடை மெஷினில் உட்கார்ந்தார். மறுபடியும் வெண்ணெய். ஒரே மாடல், ஒரே போர்வை, இங்கே மட்டும் எப்படி? எனக்குச் செய்வினையோ என்றுகூட மனசில் ஓடியது. ஆன்ட்டி தைப்பதை நிறுத்தினார். மேஜையிலிருந்து முழங்கையை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்துப் பார்த்தார். பிறகு, அந்த வயதில், சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து மேஜைக்கு அடியில் தலையை விட்டார்.

எங்கள் டெமோ மேஜை ஒரு கதவளவு அகலம். வாடிக்கையாளர் யாராவது மெஷினைத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து, முதலாளி நடுவில் பலகையை அறுத்து மெஷினை உள்ளே இறக்கி ஸ்க்ரூ போட்டிருந்தார். அதனால் மெஷினும் பலகையும் ஒரே மட்டம். போர்வை மொத்தமும் பலகைமேல் படுத்துக்கொள்ளும், ஊசி பாட்டுக்கு ஓடும். மாதக்கணக்கில் அதன் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு இது உறைக்கவே இல்லை.

ஆன்ட்டி நேராகக் கல்லாவுக்குப் போய், தனக்கு மெஷின் வேண்டாம், மேஜைதான் வேண்டும் என்றார். முதலாளி ஆடிப்போய்விட்டார். கடை மேஜையை எந்தக் கணக்கில் விற்பது? எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, மேஜையில் மெஷின் ஸ்க்ரூ போட்டு இறுகிவிட்டது, கொடுத்தால் இரண்டையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று குறுக்கே விழுந்தேன். முதலாளி என்னைப் பார்த்தார், நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். ஆன்ட்டி சரி என்றார். மேஜை டெம்போவில் ஏறியபோது நான் அழுதுவிட்டேன். சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

ஞானஸ்நானத்தில் அந்தப் போர்வையைப் பார்த்த பெண்கள் அடுத்த வாரமே கூட்டமாக வந்து, அதே மேஜை வேண்டும் என்றார்கள். ஸ்ரீராம்புரத்து ஆசாரிக்கு மேஜைக்கு மேல் மேஜையாக ஆர்டர் போனது. நான் கீழேயே இருந்தேன். முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, இப்படி ஒரு பலகையை வெச்சுக்கிட்டு இத்தனை நாளா மெஷினையா வித்துக்கிட்டிருந்தே?"

தையல் மெஷின் விற்றே காலம் தள்ளினேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்கிறேன், ஆனால் உண்மையில் நான் விற்றதெல்லாம் ஓட்டை போட்ட மேஜைதான்.