ஒன்பது கோயில் உமாராணி

வேன் தூத்துக்குடியை விட்டு நகர்வதற்கு முன்பே உமாராணி அக்கா செருப்பைக் கழற்றிக் கவரில் சுற்றிப் பைக்குள் போட்டுவிடுவாள். முதல் கோயில் பாபநாசத்தில் இருக்கிறது, நூறு கிலோமீட்டர் தள்ளி. "கோயிலு எங்கன தொடங்குதுன்னு நமக்கு எப்பிடித் தெரியும் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கடைசி சீட்டின் ஓரத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்துகொள்வாள். நான் சொல்லப்போவது அத்தனையும் நடந்தது, சத்தியம். ஆனால் நான் பன்னிரண்டு வருடமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். ரோட்டில் குறுக்கே போன ஆட்டுக்குட்டி, நான் டீக்கடைக்கு வந்து சொல்லும்போது யானையாகியிருக்கும். அதனால் அங்கங்கே கொஞ்சம் நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நவகைலாயம் டிரிப். தாமிரபரணிக் கரையோரம் ஒன்பது சிவன் கோயில், ஒவ்வொன்றும் ஒரு கிரகத்துக்கு. பாபநாசத்தில் சூரியனைப் பார்த்துவிட்டு, ஆறு போகிற போக்கிலேயே கீழே இறங்கி, கடல் பக்கம் சேர்ந்தபூமங்கலத்தில் சுக்கிரனோடு முடிப்போம். ஒரே நாளில் ஒன்பது. கிரகங்களே இவ்வளவு வேகமாகச் சுற்றியிருக்காது.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு கிரகத்தோடுதான் வழக்கு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் விஜயராஜுக்கு முப்பத்தெட்டு வயதாகியும் பெண் அமையவில்லை. அவர் எட்டுக் கோயில் தூங்கிவிட்டுச் சுக்கிரனுக்கு மட்டும் தலைசீவிக்கொண்டு இறங்குவார். உமாராணி அக்காவுக்கு மட்டும் ஒன்பது பேரோடும் வழக்கு.

ஆள் அவ்வளவு ஒல்லி. தராசில் ஏற்றினால் கையில் இருக்கிற அர்ச்சனைத் தட்டுதான் எடை காட்டும். மற்ற நாளெல்லாம் உப்புக் கம்பெனியில் பாக்கெட் போடுகிற வேலை. அதனாலோ என்னவோ, எந்தக் கோயிலில் பிரசாதம் கொடுத்தாலும் ஒரு பருக்கையை நாக்கில் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் விழுங்கமாட்டாள். "ரெண்டு கல்லு கொறைவு." முறப்பநாட்டுப் பொங்கலுக்கு மட்டும் இதுவரை பாஸ் மார்க் கொடுத்திருக்கிறாள்.

சாமியிடம் எல்லோரும் கெஞ்சுவார்கள். அக்கா விசாரணை வைப்பாள். சேரன்மகாதேவியில் சந்திரன். அங்கே தூணோரம் நின்று, பக்கத்துவீட்டுப் பையனை அதட்டுகிற குரலில் கேட்பாள்: "அன்னைக்கு மேல நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானடா இருந்த. எங்கன போனாம்னு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போவ?" பதிலுக்காகக் கொஞ்சம் நிற்பாள். பிறகு விபூதியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். ராகுவைப் பற்றிக் கேட்டால், "அவன் போற போக்குல அடிச்சிட்டுப் போறவன், அவன்கிட்ட என்னத்தப் பேச" என்பாள். சனியைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். மகனுக்கு ஏழரைச் சனி. அது விலகினால் வருவான் என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார். காரியம் முடிகிறவரை தாலுகா ஆபீசரைத் திட்டக் கூடாது என்கிற புத்திசாலித்தனம்.

மகன் ஜெயகணேஷ். கல்யாணமான ஏழாம் மாதம், மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகிற தோணியில் சமையல் ஆளாகப் போனான். வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப்போன அந்தத் தோணி கார்த்திகைக் காற்றில் முறிந்துபோனது. எட்டுப் பேரில் ஆறு பேரை ஏதோ ஒரு கப்பல் தூக்கிக் காப்பாற்றியது. ஜெயகணேஷும் புன்னைக்காயல் அமலனும் கிடைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மூன்று வருடம் ஆகிவிட்டது.

ஒவ்வொரு சன்னதியிலும் குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பேர், நட்சத்திரம் கேட்பார். "ஜெயகணேஷ். சதயம். கும்ப ராசி." வகுப்பில் பேர் கூப்பிட்டதும் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி அக்கா சத்தமாகச் சொல்வாள். செத்தவர் பெயருக்கு அர்ச்சனை கிடையாது. அவர்களுக்கு அமாவாசை அன்று எள்ளும் தண்ணீரும்தான். அர்ச்சனை உயிரோடு இருக்கிறவர்களுக்கு. மாதத்துக்கு ஒன்பது தடவை ஒன்பது குருக்கள் வாயால் மகனை உயிரோடு இருக்க வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குத் திரும்புவாள்.

அமலனின் அம்மா அல்போன்சா அப்படிச் செய்யவில்லை. நாற்பதாம் நாள் பூசை வைத்து, மகனுடைய சட்டையைப் பெட்டிக்குள் வைத்து, புன்னைக்காயல் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டாள். போன வருடம் அவளே உப்புக் கம்பெனி வாசலுக்கு வந்து அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: "ஏளா உமா, அழுது முடிச்சிரு. நாமளா முடிக்காட்டா இது முடியாது." அதற்குப் பிறகுதான் அக்கா கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தாள். ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் மகனுக்குக் காரியம் செய்வதாக ஐயரிடம் சொல்லி வைத்தாள்.

அமாவாசைக்கு முந்தின ஞாயிறு என் வேனில் வந்தாள். கடைசி டிரிப் என்றாள், ஏன் என்று நான் கேட்கவில்லை. அன்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மதியம் கோயில் நடை சாத்தியிருந்தது. ஆட்கள் வெயிலில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சிரிக்க வைக்க நான் கீழவைப்பார் சிலுவையின் கதையை எடுத்தேன். சிலுவை எனக்குத் தெரிந்த ஆள். இன்ஜின் கெட்டுப் படகோடு மிதந்தவரை ஒன்பதாம் நாள் இலங்கைப் படகுக்காரர்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒன்பது நாள் கதைக்கு யார் சிரிப்பார்கள்? நான் அதை நாலு வருடமாக்கினேன். அலையில் மண்டையில் அடிபட்டு அவருக்கு ஊர் பேர் மறந்துபோனது என்றேன். ஏதோ ஒரு தேசத்தில் வெள்ளைக்காரன் பேக்கரியில் மாவு பிசைந்தார் என்றேன். ஒரு நாள் முதலாளி முந்திரிப்பருப்பும் முட்டை வெள்ளைக்கருவும் அடித்து அடுப்பில் வைக்க, அந்த வாசத்தில் சிலுவைக்குத் தூத்துக்குடி மக்ரூன் ஞாபகம் வந்து, கடை ஞாபகம் வந்து, தெரு ஞாபகம் வந்து, கடைசியில் பெண்டாட்டி ஞாபகம் வந்தது என்று முடித்தேன். "பெண்டாட்டி கடைசியாத்தான் வந்தாளா" என்று எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "எங்க ஜெயகணேஷுக்கும் மக்ரூன்னா உசுரு" என்றாள்.

ஆடி அமாவாசை போனது. தை அமாவாசையும் போனது. அக்கா ஒரு டிரிப் விடாமல் வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் புது ஆட்களைப் பார்த்ததும், "தம்பி, அந்தச் சிலுவையண்ணன் கதையச் சொல்லுங்க" என்பாள். நானும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் காரியத்தை நிறுத்தியது எனக்கு அப்போது தெரியாது. இந்த மாதம்தான் தெரிந்தது.

இந்த மாதம் மருமகள் பானுப்ரியாவும் கூட வந்தாள். இருபத்துநாலு வயதுப் பெண். முறப்பநாட்டில் குருவைக் கும்பிட்டுவிட்டு அக்கா பொங்கலுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் நான் கண்ணாடி துடைக்கிற இடத்துக்கு வந்தாள்.

"அண்ணே, அந்தப் பேக்கரி கதை நெசந்தானா?"

"பாதி நெசம்மா."

"எந்தப் பாதி?"

"ஆளு நெசம். கடலு நெசம்."

"நாலு வருசம்?"

நான் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

"ஆடியிலயே முடிஞ்சிருக்கும்ணே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அத்தை ஐயர வேண்டாம்னு சொல்லிட்டாவ. எங்கம்மா வீட்டுக்கு ஒரு வாரம் போயிட்டு வாரேன்னாக்கூட, 'அவன் அன்னைக்குப் பாத்து வந்து நின்னா நான் என்ன சொல்ல'ன்னு கேக்காவ. தெருவுல பேக்கரி வாசம் வந்தா நின்னுருதாவ. நீங்களே சொல்லிருங்கண்ணே. நான் சொன்னா, புருசன் சாவட்டும்னு நினைக்கியான்னு கேப்பாவ."

ஸ்ரீவைகுண்டம் போய்ச் சேரும்போது பன்னிரண்டரை. சனிபகவான் கோயில் நடை சாத்திவிட்டார்கள், நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். எல்லோரும் வாசல் பக்கத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். அக்கா கறுப்புத் துணியில் எள்ளை வைத்து விளக்குக்கு முடிச்சுக் கட்ட ஆரம்பித்தாள். கட்டிக்கொண்டே, "தம்பி, சிலுவையண்ணன் கதைய எடுங்க" என்றாள்.

எடுத்தேன். வேட்டை நாய் மாதிரி எப்போதும் பாய்ந்து ஓடுகிற கதை அன்று நொண்டியது. படகு, இன்ஜின், காற்று. "ஒம்பது நாளு மிதந்தாரு. ஒம்பதாம் நாளு இலங்கைக்காரங்க தூக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்துட்டாரு. அவ்வளவுதான்."

"நாலு வருசம்லா" என்றாள் அக்கா, முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "தம்பிக்கு மறந்துபோச்சு."

"இல்லக்கா. ஒம்பது நாளுதான்."

முன்னால் உட்கார்ந்திருந்த இரும்புக் கடை காசிலிங்கம் அண்ணாச்சி ஆடி டிரிப்புக்கும் வந்தவர். அவருக்குப் போன வருடத்து ஆணி விலைகூட மறக்காது. "ஏலே, அன்னைக்கு நாலு வருசம்னு சொன்ன? பேக்கரின்ன, மக்ரூன்ன? நான் எங்க வீட்ல, கடையில, நூறு பேர்கிட்ட சொல்லிருக்கேன்லே."

"கதைதான அண்ணாச்சி" என்றார் விஜயராஜ், பாதித் தூக்கத்திலிருந்து. "கதைக்கு ஆதார் கார்டா கேப்பிய?"

"கோயிலுக்கு வார வண்டியில பொய் சொல்லலாமாவே? அதயும் சனி வாசல்ல வச்சு."

"இப்ப நெசத்தச் சொன்னதும் நல்லதுக்குத்தான்" என்று விஜயராஜ் பானுப்ரியாவைப் பார்த்தபடி எழுந்து உட்கார்ந்தார். "அந்தப் புள்ளையும் எத்தன நாளைக்கு இப்பிடியே இருக்கும். அதுக்கும் ஒரு வழி பொறக்கணும்லா."

"அந்தப் புள்ள வழிய நீரு எதுக்கு வே பாக்கீரு?" காசிலிங்கம் அண்ணாச்சியின் மனைவி பாய்ந்தாள். "சுக்கிரன் கோயிலு இன்னும் மூணு தாண்டி இருக்கு, அதுக்குள்ள அவசரமோ?"

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? வாய அளந்து பேசுங்க."

"நீரு அளந்து பேசும்."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க, குத்தவாளி இங்கன நிக்கான்" என்று அண்ணாச்சி என் சட்டையைப் பிடித்தார். அவர் கையை விஜயராஜ் தட்டிவிட்டார். அண்ணாச்சியின் துண்டு கீழே விழுந்தது. அதை மிதித்தது யார் என்று இன்னொரு சண்டை தொடங்கியது. பானுப்ரியா மட்டும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே டிரைவரு, சாமி சாட்சியாச் சொல்லு" என்று கத்தினார் அண்ணாச்சி. "ஒம்பது நாளா, நாலு வருசமா?"

நான் வாயைத் திறந்தேன்.

அக்கா எள் முடிச்சைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். சண்டை போடுகிறவர்களை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்று, நல்லெண்ணெய் வாசம் அடிக்கிற உள்ளங்கையால் என் வாயை இறுகப் பொத்தினாள்.